அண்ணன் பெயரில் இருந்த சிம்

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு செல்போன் வாங்கினேன். கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட சாதாரண போன். போன் என் சம்பளத்தில் வாங்கியது, சிம் மட்டும் அண்ணன் பெயரில். கடைக்காரர் முகவரிச் சான்று கேட்டார். பெண்கள் விடுதியில் தங்கியிருந்த என்னிடம் அப்படி எதுவும் இல்லை. எங்கள் ஊர் சிங்காரப்பேட்டையிலிருந்து அண்ணன் தன் வாக்காளர் அட்டையின் நகலைக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதை உதவி என்றுதான் நினைத்தேன். உதவிதான் அது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவேன். பையைக் கீழே வைப்பதற்குள், "போன குடு, சார்ஜ் போடறேன்" என்று அண்ணன் வாங்கிக்கொள்வான். சார்ஜ் போடத்தான் செய்வான். ஆனால் அப்படியே சுவரோரம் நின்று மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பான். நான் சாப்பிட்டபடியே பட்டன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கேட்டான். "பெங்களூருக்கு எதுக்குப் போன?"

"போகலியே."

"கர்நாடகாவுக்கு நல்வரவுன்னு மெசேஜ் வந்திருக்குது. ஒருவாட்டி இல்ல, நாலுவாட்டி."

எங்கள் விடுதி கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜூவாடிப் பக்கம். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் போதும், போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். உடனே ஒரு வரவேற்பு மெசேஜ் வரும். படி இறங்கினால் தமிழ்நாடு. இதை நான் விளக்கியபோது அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நின்ன எடத்துலயே நின்னா டவர் எப்பிடி மாறும்?" என்றான். எனக்கும் அது எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததாலேயே பொய் சொல்கிறவள் போல ஆகிவிட்டேன்.

அதன்பிறகு அவன் என் போனில் இருந்த தெரியாத எண்களுக்கெல்லாம் போன் செய்ய ஆரம்பித்தான். அதில் ஒன்று எங்கள் கம்பெனி வேன் டிரைவருடையது. பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். காலையில் கிளம்பத் தாமதமானால் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், இரண்டு நிமிஷம் நிறுத்திவைப்பார். அதிகாலை ஐந்தரைக்கு ஒரு பெண்ணின் போனிலிருந்து அடிக்கடி போகிற அழைப்பு அண்ணனுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. என்ன பேசினானோ தெரியாது. திங்கட்கிழமை வேனில் ஏறியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நானு ரெண்டு பொண்ணு பெத்தவன்ம்மா. இனிமே எனக்கு போன் பண்ணாத."

வேனில் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

விடுதியில் என் அறையில் இருந்தவள் திருநெல்வேலிக்காரி. அன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். அவள் என் போனை வாங்கி, மெனுவுக்குள் நான் ஒருபோதும் போகாத ஓர் இடத்தைத் திறந்தாள். "சிம்முக்கு நாலு நம்பர்ல ஒரு பின் வச்சுக்கிடலாம் பாத்துக்கோ. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா அது கேக்கும். மூணு தடவ தப்பாப் போட்டா மொத்தமா லாக் ஆயிரும்" என்றாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீயே போடு. எனக்கும் தெரிய வேண்டாம்."

பிறந்த வருஷம் வேண்டாம், அது அண்ணனுக்குத் தெரியும். கம்பெனியில் கொடுத்த டோக்கன் நம்பர் வேண்டாம், அது என் அடையாள அட்டையிலேயே இருக்கிறது. என் வாழ்க்கையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாத எண் எது என்று வெகுநேரம் யோசித்தேன். ஒன்று கிடைத்தது. அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

அடுத்தமுறை பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே போனை அணைத்துவிட்டேன். அண்ணன் வாங்கி ஆன் செய்தான். பட்டன் சத்தம் நின்று நின்று கேட்டது. என் பிறந்த வருஷத்தைப் போட்டிருப்பான், பிறகு அப்பா இறந்த வருஷத்தை. மூன்றாவது என்னவென்று தெரியாது. சற்று நேரத்தில் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"லாக் ஆயிடுச்சி. என்னாத்துக்குப் பூட்டு போட்ட?"

"என் போனுண்ணா."

"தப்பு இல்லன்னா எதுக்குப் பூட்டணும்?"

மறைக்க எனக்கு உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் வேடிக்கை. அம்மா சொம்பை எங்களுக்கு நடுவில் வைத்து, "சாப்புட்றப்ப எதுக்குடா" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் கோபமாகக்கூட இல்லை. "சிம்மு என் பேர்ல இருக்குது. கஸ்டமர் கேருல நான் சொன்னாத்தான் தொறப்பாங்க. பூட்டு நம்பர எங்கிட்ட சொல்றதா இருந்தா சொல்லு, நாளைக்கே தொறந்து குடுக்கறேன்."

ஓசூருக்குத் திரும்பும்போது ஊத்தங்கரை வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அதற்கு அப்புறம் அழுகை நின்று, எண்ணங்கள் ஓட ஆரம்பித்தன. எல்லா நம்பரும் அந்த சிம்முக்குள் இருந்தன. ஒன்றுகூட எனக்கு மனப்பாடமில்லை.

அந்த வாரம் கம்பெனி அலுவலகத்தில் போய், நான் இங்கே வேலை செய்கிறேன், இந்த விடுதியில் தங்கியிருக்கிறேன் என்று ஒரு கடிதம் கேட்டேன். எதற்கு என்றார் அதிகாரி. சிம் வாங்க என்றேன். "வீட்ல யார் பேர்லயாவது எடுத்துக்கலாமேம்மா" என்றார். "என் பேர்லயே வேணும் சார்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தட்டச்சு செய்து, முத்திரை குத்திக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த கடையில் அதைக் காட்டிப் புது சிம் வாங்கினேன். விண்ணப்பத்தில் என் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டபோது எழுத்து கொஞ்சம் கோணியது.

புது எண்ணை முதலில் அம்மாவிடம் சொன்னேன். "அண்ணங்கிட்டயும் சொல்லும்மா. பேசறதுக்குத்தான்" என்றேன். அவன் ஐந்தாறு மாதம் கூப்பிடவே இல்லை. ஊருக்குப் போனால் பேசுவான், வயலைப் பற்றி, கரண்ட் கட்டைப் பற்றி. போனைக் கேட்கமாட்டான். அந்த மௌனம் பழைய பட்டன் சத்தத்தைவிடக் கனமாக இருந்த நாட்களும் உண்டு. பின் நம்பரைச் சொல்லிவிடலாமா என்றுகூட இரண்டு முறை தோன்றியது.

பிறகு ஒருநாள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. "பாப்பா, மாமாவுக்கு ஒரு போன் போட்டுக் குடேன்" என்றான். நான் எண்ணை அழுத்திக் கொடுக்கவில்லை. ஒரு கணம் தயங்கி, போனையே நீட்டினேன். அவன் நடைபாதையின் கடைசிக்குப் போய் முதுகைக் காட்டி நின்று பேசினான். பேசி முடித்ததும் நேராக வந்து என் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டான்.

நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், பேச்சு முடிந்து அவன் திரும்பி வர எத்தனை நொடி என்று. மெசேஜ்களைத் திறந்து பார்க்க அந்த நேரம் போதாது. அப்படி எண்ணியதற்காக அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.