அந்தக் கலியனுக்கு எழுதத் தெரியாது

சிதம்பரத்தை அடுத்த எங்கள் கிள்ளையில் காலையில் ஒருவர் எதிர்ப்பட்டால் "கஞ்சி குடிச்சாச்சா" என்று கேட்போம். இங்கே, இலங்கையின் முல்லைத்தீவுக் கரையில், அதே கிள்ளை ஆட்கள் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. "ஒனக்கு எதுவரிக்கும்?" என்கிறார்கள். "ஆவணி இருவது." "எனக்குப் பொரட்டாசி கடைசி." அவரவர் பெர்மிட் தீரும் நாள் அது. வந்த புதிதில் ஆயுசை விசாரிப்பதுபோல் பட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நானும் கண் விழித்ததும் முதலில் நினைப்பது அந்தத் தேதியைத்தான்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் தொடங்கிப் புரட்டாசி வரை இங்கே கரைவலைக் காலம். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரு பக்கமும் கயிறு பிடித்து நாற்பது பேர் கரையிலிருந்தே இழுக்கவேண்டும். வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டியார் என்பார்கள். அவர் பேருக்கு, அவர் கரைக்கு, ஆறு மாதத்துக்கு மட்டும் எங்களுக்கு வீசா. பக்கத்துக் கரையில் ஒரு நாள் கயிறு பிடித்தாலும் குற்றம். பெர்மிட்டைப் பால்மா, அதாவது பால் பவுடர், டின்னுக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறோம். பிச்சாவரம் கால்வாய்களில் எந்தத் திருப்பத்திலும் யாரையும் கேட்காமல் தோணியைத் திருப்பிய எங்களுக்கு, இதே கடலில் இப்படி ஒரு கோடு கிழித்திருக்கிறது.

இந்த வருஷம் எங்களோடு வந்திருக்கவேண்டிய ஒருவர் வரவில்லை. கலியன் மாமா. அம்மா வழியில் உறவு. மனைவி போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று. முதல் சீசனுக்கு இங்கே வந்த இடத்தில் பூரணம் என்ற உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தார். போன வருஷம் நான் முதல்முறையாக வந்தபோது, வாடியில், அதாவது கரையில் நாங்கள் தங்கும் கொட்டகையில், சமைத்துப் போட்டது அந்த அக்காதான். புரட்டாசி முடிந்து நாங்கள் கப்பலேறியபோது அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். மாமா பங்குனியில் வந்துவிடுவேன், பிள்ளை முகம் பார்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

எனக்கு அப்போது ஒரே வேகம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன், நூலகத்தில் இருந்த பத்திரிகையெல்லாம் படித்தவன், நாடே எழுதப் படிக்கக் கிளம்பிவிட்டது என்று நம்பியவன். மாமா பெருவிரலை மையில் தோய்ப்பதைப் பார்க்க எனக்கு உடம்பு கூசும். வாடியிலும் அவரைக் "கைநாட்டு" என்றுதான் கேலி செய்வார்கள். ஊர் திரும்பியபின் அந்த மார்கழியிலும் தையிலும் கடலுக்குப் போகாத நாட்களில் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். நான்கே எழுத்து. அந்த 'லி'யின் கொக்கிதான் அவருக்கு வளையவே இல்லை, கடைசி வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நின்றது. "கயிறு இழுத்த கை மாப்ள, இந்தக் குச்சிப் பேனாவத்தான் புடிக்க மாட்டேங்குது," என்பார். மாசியில் இங்கே ஆள் அனுப்பும் திருப்பாதிரிப்புலியூர் ஏஜெண்டு புது விண்ணப்பத்தை நீட்டியபோது, மைப்பெட்டியைத் தள்ளிவைத்தது நான்தான். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது சிதம்பரத்தில் இறங்கி, கீழ வீதியில் மரக் கிலுகிலுப்பை ஒன்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். பிள்ளை பிறந்த செய்தி அதற்குள் வந்திருந்தது. ஆண்.

பங்குனியில் சிதம்பரத்தில் போட் மெயில் ரயிலைப் பிடித்தோம். கப்பலுக்கு முந்தின முகாமில் அம்மைக்குத்து, உடம்புப் பரிசோதனை எல்லாம் தாண்டிக் கடைசி மேசைக்கு வந்தாகிவிட்டது. அங்கே இருந்த இலங்கை அதிகாரி மாமாவின் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் ரேகை, ஒன்றில் எழுத்து. பெர்மிட் போட்டோவோ உப்புக்காற்றில் வெளுத்து, யார் முகமாகவும் இருக்கலாம் என்றிருந்தது. அண்ணன் பெர்மிட்டில் தம்பி ஏறுவது எங்கள் கரைகளில் நடக்காத காரியமும் இல்லை.

"கலியன் எங்கே?" என்றார், கற்றுக்கொண்ட தமிழில்.

"நாந்தாங்க."

"அந்தக் கலியனுக்கு எழுதத் தெரியாது."

மாமாவின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தார்கள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, அவ்வளவுதான். மறுபடி வைத்தார்கள். அதே வட்டம். மூன்று சீசன் தேங்காய்நார்த் தும்புக்கயிறு ரேகையை ஒட்ட வழித்துக்கொண்டு போயிருந்தது. நான் பொறுக்காமல் முன்னால் பாய்ந்து, நான்தான் அவருக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கலியன் மாதிரி எழுத நீதான் பழக்கினதா?"

இல்லை என்று நான் விளக்க விளக்க, அவர் ஏதோ எழுதிக்கொண்டே போனார். அவர் கெட்டவர் அல்ல. அவர் கையில் இருந்த இரண்டு தாளும் அதைத்தான் சொல்லின. மாமா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. மடியிலிருந்து கிலுகிலுப்பையை அவிழ்த்து என் கையில் வைத்தார். "நீ ஏறு மாப்ள. ரயில உட்டுட்டேன், அடுத்த கப்பல்ல வர்றேன்னு சொல்லு." அப்புறம் அவர் இரண்டு தடவை மனுப் போட்டார். பேரில் ஆள்மாறாட்டச் சந்தேகம் பதிவாகியிருக்கிறது, இனி பரிசீலிப்பதற்கில்லை என்று இரண்டு தடவையும் பதில் வந்தது.

நாங்கள் லாரியிலிருந்து இறங்கிய அன்று பூரணம் அக்கா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் இறங்கி முடியும் வரை லாரிக்குள்ளேயே பார்த்திருந்தாள். "பேந்து வருவாரோ தம்பி?" என்றாள், பிறகு வருவாரா என்று. வருவார் என்றேன். அந்தப் பொய்யை வைகாசி வரைக்கும்தான் இழுக்க முடிந்தது. இரண்டாவது பதிலைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மைப்பெட்டியை நான் தள்ளிவைத்தது உட்பட. மூன்று நாள் சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் பிள்ளையின் பிறப்பைப் பதிய என்னைக் கூட்டிப்போனாள். இங்கே அந்தக் காரியத்தை விதானையார்தான் பார்க்கிறார், நம் ஊர் மணியக்காரர் போல. தகப்பன் பெயர் என்ற இடம் வந்ததும் நான் பேனாவைத் திறந்துவிட்டேன். என் சுபாவம் அது. விதானையார் தடுத்தார். பதிவுக் கல்யாணம் இல்லை, அதனால் தாய் பேரோடு மட்டும் பதிந்தால் பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை என்றார். இந்தியத் தகப்பன் பெயரை ஏற்றினால் நாளைக்கு இவன் எந்த நாடு என்ற கேள்வி வரும், இவனும் பெர்மிட் எடுத்துத்தான் இங்கே இருக்கவேண்டி வரலாம் என்றார். நான் வாதாடத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அவற்ற பேரை எழுதாதேங்கோ தம்பி. பிள்ளையாவது தேதி இல்லாமல் இருக்கட்டும்."

நான்கு எழுத்து. அதை எழுத நான் ஒருவருக்கு இரண்டு மாதம் பழக்கினேன். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார் விதானையார். மாமா மாதம் ஒரு கடிதம் போடுகிறார். விஷயத்தை வேறு யாரோ எழுதுகிறார்கள், அடியில் கையெழுத்து மட்டும் அவருடையது. 'லி' இன்னும் வேறு பக்கம்தான் பார்க்கிறது. அக்காவுக்கு எழுத்து தெரியாது. அந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் பதில் எழுதச் சொன்னாள். பதிவில் கோடு போட்டதை எழுதவேண்டாம் என்றாள். பிள்ளை சௌக்கியம், கிலுகிலுப்பையைக் கடிக்கிறான் என்று எழுதினேன். பிறகு அவள் பிள்ளையின் பெருவிரலை என் பேனா மையில் நனைத்து, தாளின் அடியில் மெல்ல அழுத்தினாள். மொச்சை அளவுதான். சுழி சுழியாக ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது.

தாளில் இன்னும் இடம் இருந்தது. என்ன தோன்றியதோ, பக்கத்தில் என் விரலையும் வைத்துப் பார்த்தேன். எனக்கு இது இரண்டாவது சீசன். பாதி ரேகை இருந்தது, பாதி வெறும் கறுப்பு. என் விரல் பதிந்த துண்டை மட்டும் கிழித்து என் பெர்மிட் டின்னுக்குள் போட்டுக்கொண்டு, மிச்சத்தை உறைக்குள் வைத்துக் கிள்ளை விலாசம் எழுதினேன்.