லோகாம்பாளின் இடுப்பும் மூத்தாரின் இருமலும்

போலகத்து லோகாம்பாளுக்கு வலித்தது முழங்கால்தான். அதனால் வைத்தியமும் முழங்காலுக்கே நடந்தது. நொச்சி இலையைக் கொதிக்கவைத்து ஒத்தடம் கொடுத்தாள். வேப்பெண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் புடவையெல்லாம் நாறியது. வைத்தீஸ்வரன் கோயில் உண்டியலில் வெள்ளித் தகட்டில் ஒரு காலும் போட்டாயிற்று. வலி அசையவில்லை. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொல்ல நோகாதல்லவா!

இதில் பெரிய சோதனை பக்கத்து வீட்டு மூத்தார் அம்பலவாணன், அதாவது கணவர் நடராசனின் அண்ணன். அவர் வந்தால் வீட்டுப் பெண்கள் எழுந்து நிற்க வேண்டும். நேருக்கு நேர் பேசவும் கூடாது; கணவரிடம் சொல்வதுபோல் மூத்தார் காதில் போட வேண்டும். மனிதர் தங்கமானவர்தான், வாசலிலேயே இருமிவிட்டுத்தான் நுழைவார். ஆனால் பேப்பர் வந்ததா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று நாள் முழுக்க நுழைவார். இருமல் கேட்டதும் லோகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அப்பா" என்று எழுவாள். அவள் நிமிர்வதற்குள் அவர் வந்த வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், நடவு முடிந்த கையோடு நடராசன் அவளைப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் காலை மடக்கி மெல்லத் திருப்பினார். லோகாம்பாள் போட்ட கூச்சலில் நர்சம்மா ஓடி வந்தாள்.

"வலி முழங்கால்லங்க டாக்டர். நீங்க தொடையைப் போய்த் திருவுறீங்களே!"

"முழங்கால் நல்லாத்தாம்மா இருக்கு. கெட்டுப்போனது இடுப்பு மூட்டு. சில பேருக்கு அங்க தேஞ்சா இங்க வலிக்கும்."

எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் வழுக்கிச் சுழல வேண்டும். வழவழப்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. உருண்டையை அறுத்தெடுத்துவிட்டு எஃகு உருண்டையும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்துச் சிமென்ட் போட்டு ஒட்டலாம், விட்டால் படுத்த படுக்கைதான் என்றார்.

"அடப் பாவமே, சாமிக்கு உறுப்பை மாத்திப் போட்டுட்டமே!" என்றாள் லோகாம்பாள்.

அறுப்பதற்கு அவள் பயப்படவில்லை. டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் காரியத்தைக் கெடுத்தது. "அப்புறம் தரையில உக்காரக் கூடாது. சம்மணம் கூடாது, குத்துக்காலும் கூடாது. உசரமான நாற்காலிதான்."

லோகாம்பாள் புடவையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூத்தார் பாயில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வீட்டில், தான் நாற்காலியில் உட்காருவதா? அதற்கு நொண்டியே சாகலாம். நடராசன் பஸ்ஸில் காரைக்கால் வரும்வரை கெஞ்சிப் பார்த்தார். அவளுடைய பிடிவாதத்துக்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

சேதி அம்பலவாணனுக்கு எட்டியது. மறுநாள் வாசலில் இருமல் கேட்டது. பின்னாலேயே, தன் வீட்டுத் தேக்கு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் வந்தார்.

"தம்பி, ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவ இதுல உக்காந்தா என் மரியாதை ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. நான் வர்றப்பல்லாம் ஐயோ அப்பாங்கறாளே, அதக் கேக்கத்தான் எனக்கு வெக்கமா இருக்கு."

இத்தனை நாளும் அது அவர் காதில் விழுந்திருக்கிறதே என்று லோகாம்பாளுக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

ஆபரேஷன் முடிந்து, கோல் ஊன்றி நடந்து, கோலையும் விட்ட பிறகு ஒரு காலைவேளை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் இருமல் கேட்டது. பழக்கம் விடுமா? விருட்டென்று எழுந்துவிட்டாள். முறமும் கீரையும் தரையில்.

"ஒக்காரும்மா! ஒக்காரும்மா!" அம்பலவாணன் பதறிப்போய் நேராக அவளிடமே பேசிவிட்டார். நடராசன் காப்பித் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

லோகாம்பாள் உட்காரவில்லை. அவள் கை சுவரில் இல்லை. வாயில் ஐயோ அப்பாவும் வரவில்லை. நம்ப முடியாமல் தன் காலையே பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகக் கணவரிடம் சொன்னாள்:

"ஏங்க, பெரியவங்கள ஒருக்கா வெளியில போயிட்டு வரச் சொல்லுங்க. இன்னொரு தடவை எந்திரிச்சுப் பாக்கணும்."

அம்பலவாணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவுக்கே கேட்கும்படி இருமினார்.