பெண்கள் இழுத்த ராட்டினம்

பகல் பன்னிரண்டரை மணிக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்றோம். நானும், என் ஒன்பது வயது மகள் வாணியும், அடுத்த வீட்டு ஹாஜரா தாத்தாவும். தாத்தா என்றதும் நரைத்த தாடியொன்றை நினைத்துவிட வேண்டாம். கொழும்பு முஸ்லிம்கள் அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயதிருக்கும். கணவருக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை. ஏழு வருடமாக மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் தாத்தாவுமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். இருவரும் சேர்ந்து தெருவில் இறங்கியது அன்றுதான்.

உலக யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விளக்குகளுக்குக் கறுப்புத் துணி கட்டிய காலம் போய், கொட்டாஞ்சேனையில் ஒரு களியாட்டக் கம்பெனி வந்து இறங்கியிருக்கிறது, இரவில் ஆயிரம் வர்ண பல்ப் எரிகிறது என்று பால்காரன் முதல் தபால்காரன் வரை எல்லோருக்கும் அதே பேச்சு. வாணிக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவருக்குக் கந்தோரில் லீவு இல்லை. அப்போதுதான் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். ஆண்களுக்கு வாசலுக்குள் இடமில்லை. அதை மதிலுக்கு மேலால் நீட்டினேன். அன்று மாலையே பதில் வந்தது. ஹாஜரா தாத்தாவும் வருகிறார்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கடல் பக்கம் இடம் கிடைத்தது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கருங்கல் வரிசைதான். ஹாஜரா தாத்தா எங்கே போனாலும் திரை போட்ட ரிக்‌ஷாவில் போகிறவர். கடலை இவ்வளவு கிட்டத்தில், ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்ததில்லை என்றார். முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, கோட்டை வரும்வரை வெளியிலேயே கண்ணாக இருந்தார்.

ஒன்று இருபதுக்குக் கோட்டையில் டிராம் ஏறினோம். ஆளுக்கு ஐந்து சதம். கண்டக்டர் சிங்களவர். கொட்டாஞ்சேனைக்கு எங்கே இறங்க வேண்டுமென்று நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்க, அவர் சிரித்துக்கொண்டு தமிழில் பதில் சொன்னார். இன்று டிராம் முழுக்க ராட்டினத்துக்குப் போகிற அம்மாமார்தான், அவர்கள் இறங்குகிற இடத்தில் நீங்களும் இறங்குங்கள் என்றார். அப்படியே ஆமர் வீதியில் இருபது முப்பது பெண்கள் ஒன்றாக இறங்கினோம். அங்கிருந்து கால் மணி நேர நடை. பெரிய கிறிஸ்தவக் கோயிலின் குவிமாடம் முன்னால் தெரிந்தது. அதற்கு அப்பால், கூரைகளுக்கு மேலே, ராட்டினத்தின் மேல் வளைவு. அதைக் கண்டதும் வாணி என் கையை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினாள்.

வாசலில் பெரியவர்களுக்கு இருபத்தைந்து சதம், பிள்ளைகளுக்குப் பத்து. உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் பத்துச் சதம். நிலக்கடலை வாசமும் எண்ணெய் இயந்திரத்தின் புகையும் கலந்து அடித்தது.

முதலில் மரக்குதிரை ராட்டினம். மூன்று வரிசைக் குதிரைகள், தங்க நிறப் பிடரி, கண்ணாடிக் கண். வாணி வெளி வரிசையில் ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்தாள். நான் உள் வரிசையில் ஒரு கறுப்புக் குதிரையில் பக்கவாட்டாக உட்கார்ந்தேன். இறங்கியதும் அவளுக்கு ஒரு வழக்கு. தன் குதிரை என் குதிரையைவிட வேகமாகப் போனது, ஆனால் கடைசிவரை என்னை முந்தவே இல்லை. அது எப்படி?

ராட்டினக்காரர் தூத்துக்குடிக்காரர். ஆரோக்கியம் என்று பெயர். அவர் இதைக் கேட்டு நின்றார். குச்சியால் மண்ணில் ஒரு சின்ன வட்டமும் அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டமும் கீறினார். ஒரு சுற்றுக்கு இரண்டு குதிரைக்கும் ஒரே நேரம்தான். வெளிக்குதிரைக்குத் தூரம் கூட. அதனால் அது வேகமாகப் போயே ஆக வேண்டும். பிறகு குதிரையின் மறுபக்கத்தையும் காட்டினார். சனங்கள் பார்க்கிற வெளிப் பக்கத்தில்தான் பூ வேலையும் கண்ணாடிக் கல்லும். உள் பக்கம் வெறும் மரத்துக்கு ஒரு பூச்சு. எல்லா ஊரிலும் குதிரைக்கு நகை ஒரு பக்கம்தான் என்றார். வாணி அத்தனை குதிரையையும் சுற்றிப் பார்த்துச் சரிதான் என்று வந்து சொன்னாள்.

இரண்டே முக்கால் மணிக்கு முட்டுக் கார்கள். இரும்புத் தளம், மேலே கம்பி வலை. ஒவ்வொரு காரின் பின்னாலும் ஒரு கம்பு எழுந்து அந்த வலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. கரண்ட் வலையிலிருந்து கம்பு வழியாக இறங்கி, காருக்குள் வேலை செய்துவிட்டுத் தளத்து இரும்பு வழியாகத் திரும்புகிறதாம். கம்பு வலையை விட்டால் கார் நின்றுவிடும். காரைச் சுற்றித் தடித்த ரப்பர்.

நான் வாணியோடு ஏறினேன். ஹாஜரா தாத்தா தனியாக ஒரு சிவப்புக் காரில் ஏறியதை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு சுற்று யாரையும் தொடாமல், கலியாண ஊர்வலம் போல ஓரமாக ஓட்டினார். பின்னால் வந்த ஒரு பறங்கிப் பெண், பூப்போட்ட கவுன் போட்டவள், ஓங்கி ஒரு மோது மோதினாள். ஹாஜரா தாத்தா திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுக்கானை முழுதாக வளைத்து, தளத்தைக் குறுக்கே கடந்து போய்த் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இன்னொரு முறையும் கொடுத்தார். அந்தப் பறங்கிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இறங்கி வந்தபோது தாத்தாவின் முகம் வேர்த்து மினுங்கியது.

மூன்றேகாலுக்குப் பெரிய ராட்டினம். அறுபது அடி உயரம், பன்னிரண்டு தொட்டில். அங்கேயும் ஆரோக்கியம்தான் நின்றார். பெண்களின் பொழுது என்பதால் அன்று ஆண் வேலையாட்களைக் குறைத்து மொத்தம் ஐந்து பேரைத்தான் உள்ளே வைத்திருந்தார்கள். அவர் தொட்டில்களை வரிசையாக நிரப்பவில்லை. ஒன்றை நிரப்பியதும் ராட்டினத்தைப் பாதி சுழற்றி, நேரெதிரே இருந்த தொட்டிலை இறக்கி அதை நிரப்பினார். ஒரே பக்கத்தில் ஆட்களை ஏற்றினால் பாரம் ஒருபக்கமாக இழுத்துவிடும் என்று வாணிக்குச் சொன்னார். இறக்கும்போதும் அப்படியேதானாம்.

நாங்கள் மூவரும் ஏறிய தொட்டிலுக்கு அடுத்ததில் முகத்துவாரத்து மீன்காரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி தனியாக ஏறினாள். கைக்குழந்தையைக் கீழே தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு ஏறியதைக் கண்டேன். பெயர் ரோசலின் என்று பிறகு அறிந்தேன்.

ராட்டினம் எழும்பியது. மேலே போனதும் துறைமுகம் முழுதும் ஒரு தட்டில் வைத்தது போலத் தெரிந்தது. கப்பல்கள், அலைதாங்கி, முகத்துவாரத்தில் களனி ஆற்றின் மண்நிறத் தண்ணீர் நீலத்துக்குள் நெடுந்தூரம் நாக்கு நீட்டிக்கொண்டிருப்பது. ஆற்றுக்கு அப்பால் பேலியகொடையின் பச்சை. வாணி வெள்ளவத்தையைத் தேடினாள். தெற்கே தென்னைகள்தான் தெரிந்தன. நாங்கள் உச்சிக்கு வந்த நான்காம் சுற்றில் கீழே ஏதோ பட்டென்று அறுந்தது. இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. ராட்டினம் நின்றுவிட்டது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்த மழையைக் கண்டதும் சிரிப்பு நின்றது. ஆரோக்கியம் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"யாரும் எந்திரிக்காதீங்கம்மா. வார் அறுந்துபோச்சு, அவ்வளவுதான். கையால இழுத்தே இறக்கிருவோம்."

அடித் தொட்டிலில் இருந்தவர்களை இறக்கிவிட்டார்கள். ராட்டினத்தின் கம்பிகளில் கயிறு கட்டத் தொடங்கினார்கள். அதற்குள் மழை வந்துவிட்டது. பெரிய துளி. கீழே குழந்தை அழுகிற சத்தம் அறுபது அடிக்கும் கேட்டது. பசி அழுகை. பிள்ளை பெற்ற எவளுக்கும் அது தெரியும். ரோசலின் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு கால் தொட்டிலின் விளிம்பில். அவளுடைய தொட்டில் ஆடியது. கம்பியைப் பிடித்து இறங்கப் பார்க்கிறாள் என்று விளங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

ஹாஜரா தாத்தாதான் பேசினார். சத்தம் போடவில்லை.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. என்னப் பாருங்க, கீழ பாக்க வாணாம். புள்ளைக்கு என்ன பேர்?"

"அந்தோனி. என்ட புள்ள அழுவுது. பால் குடிக்க வேணும்."

"எத்தின மாசம்?"

"நாலு."

"நாலு மாசத்துப் புள்ள அழுதா ஒண்ணும் ஆகாது. உம்மா விழுந்தா அதுக்கு யாரு இரிக்கிற? இரிங்க. நான் இஞ்சதான் இரிக்கிறேன்."

ரோசலின் மெல்ல உட்கார்ந்தாள். தாத்தா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பல் முளைத்துவிட்டதா, புருஷன் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போகிறான், வீடு எந்த ஒழுங்கையில். அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

அடித் தொட்டில் காலியானபடியால் அதற்கு நேரெதிரே இருந்த எங்கள் தொட்டிலைத்தான் அடுத்து இறக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்களும் அரைச் சுற்று இழுத்து எங்களைத் தரைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாயிற்று. ஒவ்வொரு முழம் இழுத்ததும் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். மழையில் கயிறு வழுக்கியது. கால் மண்ணில் வழுக்கியது. மூவரும் மண்ணில் இறங்கினோம். ரோசலினின் தொட்டில் எங்களுக்கு மேலே, அடுத்தது. அந்த ஒரு தொட்டில் தூரத்துக்கு அவர்களால் ராட்டினத்தை அசைக்க முடியவில்லை. ரோசலின் தனி ஆள், எதிர்ப் பக்கத்தில் பாரம் கூட. ஒருவருடைய உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே நிற்கிற ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் வாசல் நெடுந்தூரம், மழைக்கு எல்லோரும் எங்கே ஒதுங்கினார்களோ என்றார்.

ஹாஜரா தாத்தா முக்காட்டை இழுத்து இடுப்பில் சொருகினார். போய்க் கயிற்றைப் பிடித்தார். ஆரோக்கியம் திகைத்துப்போனார். இது உங்களுக்கு ஏலாத வேலை என்பது போல ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க எண்ணுங்க, நாங்க இழுக்கிறோம்," என்றார் தாத்தா.

அவருக்குப் பின்னால் நான் போனேன். எனக்குப் பின்னால் அந்தப் பறங்கிப் பெண், சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு. பிறகு யார் யாரென்று பார்க்க நேரமில்லை. கடலை விற்றவள், முகத்துவாரத்துப் பெண்கள், சிங்களப் பெண்கள் மூன்று பேர், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பட்டணத்து வீடுகளில் வேலை செய்கிற இரண்டு பெண்கள். மீன்காரப் பெண்களுக்கு வலை இழுக்கத் தெரியும். அவர்கள்தான் எங்களுக்குக் குதிக்காலை மண்ணில் ஊன்றிச் சாயக் காட்டிக் கொடுத்தார்கள். ஆரோக்கியம் எண்ணினார். மூன்று என்றதும் சாய்ந்தோம். ராட்டினம் ஒரு முனகல் முனகி அசைந்தது.

அந்த அசைவை என்னால் எழுத்தில் வைக்க முடியவில்லை. அறுபது அடி இரும்பு, அத்தனை சனம், எங்கள் கைக்கு அசைந்து கொடுத்தது. கயிறு முழுக்க ஒரு சத்தம் எழும்பியது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம். இரண்டாம் முறை சாய்ந்தோம், மூன்றாம் முறை. ரோசலினின் தொட்டில் தரையைத் தொட்டது. தங்கச்சிக்காரி குழந்தையோடு ஓடி வந்தாள். அதே இடத்தில், மழைக்குள், எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரோசலின் பால் கொடுத்தாள். நாங்கள் கயிற்றை விடவில்லை. இன்னும் ஒன்பது தொட்டில் மேலே இருந்தது.

நாலரை மணிக்குக் கடைசித் தொட்டில் இறங்கியது. அதற்குள் மழையும் விட்டிருந்தது. வாணி எதிரெதிர்த் தொட்டில்களைக் கைவிரலில் எண்ணிக்கொண்டு ஆரோக்கியத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு முறை அவர் தவறவிட்டதைத் திருத்தினாளாம். அவர் எல்லோரையும் கும்பிட்டார். திருநெல்வேலியிலிருந்து சிங்கப்பூர் வரை இந்த ராட்டினத்தைக் கொண்டுபோயிருக்கிறேன், பெண்கள் இழுத்துச் சுற்றியது இங்கேதான் என்றார்.

ஐந்து மணிக்கு வாசலில் ஆண்கள் கூட்டம் உள்ளே வரக் காத்து நின்றது. அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தோம். சேலை முழுக்கச் சேறு, கை முழுக்க இயந்திர எண்ணெய். ரோசலின் தெருமுனை வரை எங்களோடு நடந்து வந்தாள். அந்தோனி தூங்கிவிட்டான். பிரியும்போது என் கையைப் பிடித்து அவன் தலையில் வைத்தாள். பிறகு தாத்தாவின் கையை.

கோட்டையில் ரயில் கந்தோர்க் கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. எங்கள் கோலத்தைக் கண்டு ஒரு இளம் கிளார்க் எழுந்து தாத்தாவுக்கு இடம் கொடுத்தார்.

"வாணாம் தம்பி. கைதான் நோகுது, கால் நல்லா இரிக்கி," என்றார் தாத்தா. அந்த இடத்தில் வாணி உட்கார்ந்தாள்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் வந்தது. சூரியன் தண்ணீருக்கு இரண்டு முழம் மேலே நின்றது. நான் பதினொரு வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன். தாத்தாவைத் தவிர, இங்கே எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்திலும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். ஏழு மைலுக்குள் இத்தனை சனம் இருந்ததை அன்று கயிற்றைப் பிடித்தபோதுதான் அறிந்தேன். அதைத் தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"ரோசலின்ட ஊட்டுக்கு ஒரு நாளைக்குப் போவம் தங்கச்சி."

களியாட்டக் கம்பெனி அடுத்த வாரம் கப்பலேறிவிடும், பிறகு அங்கே பார்க்க ஒன்றும் இராதே என்று நான் சொன்னேன்.

"அதுக்கென்ன," என்றார் ஹாஜரா தாத்தா. "ரோசலின் அங்கதானே இரிக்கிற."