நஜீமுதீன் வைத்த பூஜ்யம்

நஜீமுதீன் அளவுக்கு நிதானமான ஆளை நான் திருப்பூரில் பார்த்ததில்லை. காதர்பேட்டை பனியன் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவன். ஒரு ஸ்க்ரூவை முடுக்கினால் மூன்று தரம் தொட்டுப் பார்ப்பான். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை சறுக்கியது. பழி அவன் ஒருவனுடையது அல்ல. என் பங்கும் இருக்கிறது.

தொண்ணூற்றேழில், பல்லடம் ரோட்டில் சாயப்பட்டறை வைத்திருந்த ஆத்தப்பன், வெளிநாட்டில் மூடிப்போன மில்லிலிருந்து ஒரு பழைய சாய மிஷினை இறக்கினார். பெரிய இரும்புத் தொட்டி. மூடிய தொட்டிக்குள் துணியும் சாயத் தண்ணீரும் நூற்று முப்பது டிகிரி வரை போகும். உள்ளே ஆறியபிறகு, கூட வந்த கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால்தான் மூடியின் தாழ்ப்பாள் விலகும், பச்சை விளக்கு எரியும். விளக்கை மாட்டியவன் நான், பட்டறை எலக்ட்ரீஷியன். மூடியைத் திறந்து, துணியில் ஒரு துண்டு வெட்டி நிறம் பார்க்க வேண்டியவர் மாரப்பன். கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னால் வேகப்போவது மாரப்பனின் முகம். அது எங்கள் எல்லோருக்கும் முதல் நாளே தெரியும்.

கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம் வரும் வழியிலேயே அழிந்துவிட்டது. மிஷினை விற்றவன் அதன் மூல வரிகளை மட்டும் டேப்பில் அனுப்பினான்; அதிலிருந்து புரோகிராமைத் திரும்பக் கட்ட ஆத்தப்பன் நஜீமுதீனைக் கூட்டிவந்தார். கம்ப்யூட்டரின் ப்ராசஸரோ இந்தப் பக்கம் யாரும் கண்டிராத ஜாதி. ஊரில் ஓடும் எந்த சாஃப்ட்வேரும் அதில் ஏறாது. புரோகிராமைக் கட்ட உட்கார்ந்தால் அது ஒரு பேக்கேஜை, அதாவது ஒரு துணைப் புரோகிராமைக் கேட்டது. அந்தப் பேக்கேஜ் இன்னொன்றைக் கேட்டது. அது மூன்றாவதைக் கேட்க, பாழாய்ப்போன மூன்றாவதோ முதலாவது இல்லாமல் வரமாட்டேன் என்றது. நஜீமுதீன் கோயமுத்தூருக்கும் இங்கேயுமாக பிளாப்பிகளோடு பஸ்ஸில் அலைந்து, ஒவ்வொன்றையும் அந்த ப்ராசஸருக்குத் தகுந்தபடி திருத்தினான். இருபது நாளில் பத்து பேக்கேஜ்கள் ஏறின. பதினோராவது மசியவில்லை.

"அது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"ரிப்போர்ட் அச்சடிக்கத்தானுங்க. இப்போதைக்கு அந்த எடத்துல வெறும் டப்பாவா ஒண்ணு எழுதி வெச்சர்றேன். யார் என்ன கேட்டாலும் பூஜ்யம்னு சொல்லும். அப்பறம் நிதானமாச் சரி பண்ணிக்கலாமுங்க."

வியாழக்கிழமை சூடேற்றாமல் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டினோம். விளக்கு எரிந்தது, தாழ்ப்பாள் விலகியது, எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் காலை பத்தரைக்குச் சூடேற்றி ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றான் நஜீமுதீன். ஆத்தப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"ராகுகாலமுங்க தம்பி. புது மிஷினுக்கு அந்நேரத்துல சூடு வெக்கலாமுங்களா? பன்னெண்டுக்கு மேல நேராத் துணியவே போட்டர்லாமுங்க."

"சரிங்க" என்றான். எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. பன்னிரண்டேகாலுக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிட்டான்.

துணி ஏறியது. சூடு ஏறியது. ஆரம்பத்திலிருந்தே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சூட்டில் அது எரியக்கூடாதே என்று எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வாயை அறையலாம் போலிருக்கிறது.

பள்ளிவாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. அந்தப் பேக்கேஜ் அச்சடிக்க மட்டும் இல்லை. தொட்டியின் சூட்டு அளவும் அதன் வழியாகத்தான் புரோகிராமுக்குப் போகிறது. பூஜ்யம் என்றால் பூஜ்யம் டிகிரி. உள்ளே எவ்வளவு கொதித்தாலும் ஆறிவிட்டது என்றே சொல்லும். தொழுகையைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அவன் பட்டறைக்குள் ஓடிவந்தபோது கூரை முழுக்க நீராவி. மாரப்பனை நாங்கள் ஈரத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் நானும் நஜீமுதீனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரப்பன் அவசரப்பட்டுத் திறந்துவிட்டான் என்றே ஆத்தப்பன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கட்டிலருகில் மாரப்பனின் மனைவி பொன்னாத்தாள் நின்றிருந்தாள். மாரப்பனின் முகம் முழுக்கக் கட்டு. எங்கள் குரல் கேட்டதும் மெல்லப் பேசினார்.

"பச்சை எரிஞ்ச மாதிரித்தானுங்க இருந்துச்சு. கம்ப்யூட்டரு பொய் சொல்லுமுங்களா? என்ர கண்ணுலதான் கோளாறு. உங்களுக்கெல்லாம் சங்கடத்தக் குடுத்துட்டனுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நஜீமுதீன் கட்டிலைப் பிடித்தபடி அழுதான்.

"இல்லீங்கண்ணா. பச்சைதான் எரிஞ்சுது. தப்பு நான் பண்ணினதுங்க. உங்க கண்ணு சரியாத்தான் பாத்துச்சு."

"அப்பக் கட்டை அவுத்தா முன்ன மாதிரியே தெரியுமுங்களா?" என்று கேட்டார் மாரப்பன்.

இனிப் பார்வை திரும்பாது என்று காலையிலேயே டாக்டர் பொன்னாத்தாளிடம் சொல்லியிருந்தார். அவள் எங்களைப் பார்த்து, சொல்லிவிடாதீர்கள் என்று தலையை ஆட்டினாள்.