போத்தல் தண்ணீரும் சாவிக்கொத்தும்

துறைமுக வேலை முடிந்து, அதே ஆரஞ்சு மேற்சட்டையோடு மலேசியாவின் கிள்ளான் திடலுக்கு வருவார் அந்தப் பெண். ஒரு கையில் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்; மறு கையில் எப்போதும் இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல்கள். குடிப்பதற்கென்று நினைத்திருந்தேன்.

ஒரு மாலை, பூனையைத் துரத்தி வெறித்தனமாக ஓடிவிட்டு வந்த நாய் பொத்தென்று விழுந்தது. கால்கள் விறைத்து, நுரை தள்ளி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி நின்றவர்கள் விலகி ஓடினார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஓடிப்போய் என் சாவிக்கொத்தை அதன் முன்னங்காலில் வைத்து அழுத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. “சாவி இருக்கட்டும் அங்கிள். ஓடி ஓடி ஒடம்பு கொதிக்குது, போத்தல தொறந்து வயித்துல ஊத்துங்க. வாயில வேணாம், பொரை ஏறிடும்” என்றார், கடையில் சாமான் கேட்கும் குரலில்.

இழுப்பு நின்றதும் நாயைத் தூக்கிக் காரில் கிடத்திக்கொண்டு மருத்துவரிடம் போனார். என் சாவியும் கூடவே போய்விட்டது.

மறுநாள் திருப்பித் தந்தார். நாய் பிழைத்துவிட்டதாம்.

“டாக்டர் பாக்குற வரைக்கும் அது கால்லயே வச்சிருந்தேன் அங்கிள்.”

“நீங்களுமா இதெல்லாம் நம்புறீங்க?”

“இல்லலா. பயந்துட்டேன்.”

போத்தலைத் திறக்கச் சொன்ன அந்தக் குரலில் பயம் எங்கே இருந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.