சங்கு குளிப்பவர் வீட்டுச் சத்தம்

மதியத்துக்கு மேல் என் குரல் எனக்கே பிடிப்பதில்லை. ஒன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 'ஸ்' என்று பாம்பு மாதிரிச் சீற வேண்டும். 'ப்' என்று உள்ளங்கையில் ஊத வேண்டும். 'ட்' என்று நாக்கைத் தட்ட வேண்டும். இதற்கு ஃபோனிக்ஸ் என்று பெயர். எழுத்தின் பெயரைச் சொல்லாதே, ஒலியைச் சொல்லிக்கொடு. ஒலிகளைக் கூட்டினால் சொல் வரும், சொல் வந்துவிட்டால் பிள்ளை தானாகப் படித்துக்கொள்ளும் என்பார்கள். பயிற்சி வகுப்பில் கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எங்களையெல்லாம் எழுந்து நின்று பாம்பு மாதிரி நெளியச் சொன்னாள். முட்டுவலியோடு நெளிந்தோம்.

எங்கள் பள்ளி கடலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும். அம்மாக்கள் சாயங்காலம் வாசலில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "டீச்சர், ஏ பி சி டி எப்பம் சொல்லிக் குடுப்பிய? பக்கத்து வீட்டுப் பய 'சி ஏ டி, கேட்'டுங்கான். எம்மவ வீட்டுக்கு வந்து ஸூ ஸூங்கா." முதல் சில வருடங்கள் பொறுமையாக விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையூரணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறேன்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். முன்வரிசை. மற்ற பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கும், பென்சிலைக் கடிக்கும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். இவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் காலத்தில் டீச்சர் முகத்தைப் பார்க்க ஒரு பிள்ளையாவது இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவள் குரல்தான் மேலே கேட்கும். சத்தமாகச் சொல்கிற பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு.

ஆனால் தனியாக எழுதச் சொன்னால் ஒன்றும் வராது. சொல்லின் தலையும் வாலும் காணாமல் போய், நடுவில் மட்டும் ஏதோ இருக்கும். படிக்கச் சொன்னாலும் அதே கதைதான். அரைப் பரீட்சை நெருங்கியபோது தலைமை ஆசிரியை கூப்பிட்டார். வாசிக்க வராத பிள்ளைகளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்துவிடலாம் என்றார். "அந்தச் சங்கு குளிக்கிறவர் பொண்ணு கொஞ்சம் மந்தம் போல இருக்கே?" என்று அவரே கேட்டு, அவரே பதிலையும் முடிவு செய்துவிட்டார். நான் வாதாடவில்லை. வாதாட என்னிடம் எதுவும் இல்லை, தெம்பும் இல்லை.

அந்த வாரம் எனக்கு இருமல். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று மாஸ்க் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வழக்கம்போல ஒவ்வொரு ஒலியாகச் சொல்லி, அட்டையை எடுக்கச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தன்னை மட்டும் வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்பது போன்ற முகம். எரிச்சலோடு மாஸ்க்கை இறக்கித் திரும்பவும் சொன்னேன். சரியான அட்டையை எடுத்து நீட்டினாள். மாஸ்க்கை ஏற்றினேன், விழித்தாள். இறக்கினேன், எடுத்தாள்.

அன்று பாடத்தை அதோடு நிறுத்திவிட்டுப் படம் வரையச் சொன்னேன்.

பள்ளி விட்டதும் அவளோடு அவள் வீட்டுக்கு நடந்தேன். தெரு முனையிலேயே அந்த வீட்டுச் சத்தம் கேட்டது. டிவி முழு ஒலியில் அலறிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அவள் அம்மா, "மீனு பொரிச்சாச்சு, இப்பமே சோறு போடவா" என்று கேட்பது கோவில் வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து அதைவிடப் பெரிய குரலில் அவள் அப்பா, "பெறவு" என்றார். எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவிய வீட்டுல என்ன கொழம்புன்னு நாங்க கேக்கவே வேண்டாம் டீச்சர்."

அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். சின்ன வயதிலிருந்தே ஆழத்துக்குப் போய் இரண்டு காதுச் சவ்வும் கிழிந்துவிட்டன. அது காற்றுக்காலம்; கடல் கலங்கிக் கிடந்ததால் வீட்டில் இருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கல்யாணமான நாளிலிருந்து அம்மா கத்திப் பேசுகிறாள். குழந்தை பிறந்ததே அந்தச் சத்தத்துக்குள்தான். அவளைக் கூப்பிட்டவர்களும் கத்தித்தான் கூப்பிட்டார்கள், கொஞ்சியவர்களும் கத்தித்தான் கொஞ்சினார்கள். அவளுக்குக் காது சரியாகக் கேட்காதது வீட்டில் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று வாசலில் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது.

"அவளுக்கா? காது கேக்கலியா?" என்றாள் அம்மா. "கூப்புட்ட கொரலுக்கு ஓடி வாராளே டீச்சர்."

அப்பாவுக்கு விஷயத்தைப் புரியவைக்கவே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. புரிந்ததும் சிரித்தார். "கடல்ல எறங்குத எவனுக்கு டீச்சர் காது முழுசா இருக்கு? எனக்குந்தான் கேக்கல. நான் பொழைக்கலியா?"

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க குளிச்சுக் கெடுத்துக்கிட்டீங்க தம்பி. அவ எந்தக் கடல்ல குளிச்சா?" என்றேன். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டு டிவியை யாரோ அணைத்தார்கள்.

அம்மாவுக்கு வேறு கவலை. "பொட்டப்புள்ள காதுல மெசின மாட்டிவிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" ஆறு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டாள். இருமல் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். எக்கேடோ கெட்டுப்போங்கள் என்று கிளம்பிப் போய்விடலாமா என்றிருந்தது. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன். டிவியை நிறுத்துங்கள், அவள் பின்னால் போய் நின்று, என்னிடம் பேசுவது போலச் சாதாரணமாக அவளைக் கூப்பிடுங்கள்.

குழந்தை தரையில் குப்புறப் படுத்து, பள்ளியில் தொடங்கிய படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகுப் பக்கம் போய் நின்றாள். "ஏளா" என்றாள். குழந்தை திரும்பவில்லை. "ஏளா, கண்ணு, அம்மாட்ட வா." படகுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை. அம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. பெற்ற நாளிலிருந்து அந்தப் பிள்ளையை அவள் மெல்லக் கூப்பிட்டதே இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனைவியின் முகத்தை மட்டும் பார்த்தார்.

மறுநாள் மூன்று பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று தொடங்கிய அலைச்சல். இந்த டாக்டர், அந்த டாக்டர், கண்ணாடி அறைக்குள் ஒரு பரிசோதனை, அடுத்த வாரம் வா, ஆதார் எங்கே, மெஷின் இன்னும் வரவில்லை. அம்மா தான் வேலை பார்க்கும் இறால் கம்பெனிக்கு லீவு போட்டுப் போட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினாள். சில நாள் நானும் கூடப் போனேன். பிறவியிலேயே இரண்டு காதிலும் குறை, மெல்லிய ஒலிகள் கேட்காது, மெஷின் வைத்தால் கேட்கும் என்றார்கள். 'ஸ்' என்று நான் அத்தனை மாதம் சீறியது அவளுக்கு வெறும் பல் தெரிகிற விளையாட்டாக இருந்திருக்கிறது. மூச்சு வாங்கச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் அழுகை வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் கவனிக்கவில்லை.

மெஷின் வந்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் நாள் வகுப்பில் காதை மூடிக்கொண்டு அழுதாள். பெஞ்சு இழுபடுகிற சத்தம், மின்விசிறி, பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவது, எல்லாமே அவளுக்கு அடியாக விழுந்தது. கூட்டமாகச் சொல்வதை நிறுத்தினேன். மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் எழுத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். சில நாள் வரும், சில நாள் வராது. தலைமை ஆசிரியையிடம் போய், அவளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைக்கும் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் சரி என்றார்.

ஒரு சாயங்காலம் அம்மா வாசலில் நின்றாள். வழக்கமான சத்தம் இல்லை. தாழ்ந்த குரலில் பேசினாள். "வீட்டுல நாங்க பேசுனாலே அழுதா டீச்சர். நான் கொறச்சுக்கிட்டேன். இவ அப்பாவுக்குத்தான் தான் எவ்ளோ சத்தமாப் பேசுதோம்னே தெரியாதுல்லா. ஒரு நாளு 'ஏ புள்ள'ன்னு ஆசையாத்தான் கூப்புட்டாவ. இவ காதப் பொத்திக்கிட்டு அலறுனா. அன்னைலருந்து அவிய இவகிட்ட வாயே தொறக்க மாட்டுக்காவ." பழகிவிடும் என்றேன். எதற்கெடுத்தாலும் வாயில் வருகிற சொல்தானே அது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அவளைக் கொண்டுவந்து விட்டவர் அப்பாதான். நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் குந்தி, தொண்டையில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டார். தன் குரல் எவ்வளவு எழும்புகிறது என்று கையால் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்பா போயிட்டு வாரேன்."

பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அவள் வாரை மாட்டி முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே, "சரிப்பா" என்றாள்.

அவருக்கு அது கேட்கவில்லை. தொண்டையிலிருந்து கையை எடுக்காமல், என்ன சொன்னாள் என்று என் முகத்தைப் பார்த்தார். கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பக்கத்தில் நிற்கிறாளே என்று மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினேன்.