முப்பத்தொரு நாள் வருகை

பரிமளா டீச்சர் பத்தாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்தார். வகுப்பாசிரியரும் அவர்தான். இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு வருகை போட்டவர் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். சூளை முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் என்று வேறு சிலர் பேசுகிறார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். நான் அந்த வகுப்பில் இருந்தேன். நான் பார்த்ததையும், டீச்சரும் அந்தப் பிள்ளை அம்முலுவும் பிறகு என்னிடம் சொன்னதையும் எழுதுகிறேன்.

டீச்சரின் அப்பா மாகறல் பக்கத்தில் கூலி வேலை செய்தவர். அக்கா ஜெனிஃபர் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வேர்க்கடலை பிடுங்கப் போய் ஒரு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது பதிவேட்டில் பேர் இல்லை. சண்டை போட வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா அப்படியே கழனி வேலைக்குப் போய்விட்டார். தங்கை மட்டும் கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். தினமும் உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். தன் வகுப்புப் பதிவேட்டிலிருந்து ஒரு பேரையும் அடிக்க விடமாட்டேன் என்பது அவர் பிடிவாதம்.

கணக்கு சொல்லித்தருவது அவர் வேலையில் பாதிகூட இல்லை. உதவித்தொகைக்கு எங்கள் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சேர்க்க வேண்டும். வியாழக்கிழமை சத்து மாத்திரை கொடுத்து, விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும். பெரிய பெண்கள் திடீரென்று நின்றுவிட்டால் வீடு தேடிப் போய்க் கல்யாணப் பேச்சு ஏதும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். ஒருநாள் கரும்பலகையில் பாதிக் கணக்கை விட்டுவிட்டு ஆதார் நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அல்ஜீப்ராவ விட ஆதாருதான் பேஜாரா கீது போல" என்றான் தினேஷ்குமார்.

"அல்ஜீப்ராவுல எக்ஸ் எங்கன்னு கேட்டா கண்டுபிடிச்சிடலாம்டா. உன் ரேஷன் கார்டு எங்கன்னு கேட்டா உங்கப்பாவுக்கே தெரியல" என்றார் டீச்சர்.

எல்லா வேலைக்கும் முதல் வேலை வருகைப் பதிவு. நோட்டில் காலைக்கு ஒரு சாய்ந்த கோடு, மதியத்துக்கு அதன் குறுக்கே இன்னொரு கோடு. அதையே செல்போன் ஆப்பிலும் ஏற்ற வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் அதன் பேர் வட்டார அலுவலகத்துப் பட்டியலுக்குப் போகும். அங்கிருந்து ஆட்கள் வீட்டுக்கு வந்து பெற்றோரைக் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் பாண்டுரங்கனுக்கு அந்தப் பட்டியல் பிடிக்காது. பேர் போனால் அவருக்கும் கேள்வி வரும். "எழுபத்தஞ்சு சதவீதம் வருகை இல்லாதவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அவன் ஃபெயிலாகி என் ரிசல்ட்ட கெடுக்கத் தேவையில்ல" என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரேயரில் சொல்வார்.

போன வருடம் தீபாவளி மழை விட்டதும் அம்முலு சரியாக வரவில்லை. அவளுடைய அப்பா முத்துவேலும் அம்மா சுதாவும் செய்யாற்றங்கரைச் செங்கல் சூளையில் கல் அறுக்கப் போயிருந்தார்கள். டீச்சர் ஸ்கூட்டியில் சூளைக்கே போனார். அம்முலு முழங்கால்வரை சேற்றோடு நின்றிருந்தாள்.

"படிக்கக் கூடாதுன்னா நாங்க சொல்றோம், டீச்சரம்மா?" என்றார் முத்துவேல். "நாங்க ரெண்டு பேரும் கல் அறுத்துக்கினு கீறோம். மெஷின்ல மண்ணு தள்ள ஒரு ஆளு ஓணும் இல்ல?"

டீச்சர் அம்முலுவைத் தனியாக அழைத்துப் போனார்.

"வாரத்துல ரெண்டு நாளாவது வாடி. மத்த நாள நான் பாத்துக்கறேன்."

"ஆப்சென்ட் போடமாட்டீங்களா டீச்சர்?"

"கணக்கு நோட்ட முடிச்சிக் குடு. போடமாட்டேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அம்முலு வராத நாளிலும் அவள் கட்டத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன. வந்த நாளில் அவள் நோட்டுப் பக்கங்களில் களிமண் விரல் அடையாளம் இருக்கும், கணக்கு சரியாக இருக்கும். எங்களுக்கு எல்லாம் தெரியும். "உனக்கு ரெட்டை ஒடம்புடி. சூளையிலயும் கீற, இங்கயும் கீற" என்று தினேஷ்குமார் கிண்டல் செய்தபோது வகுப்பே சிரித்தது. டீச்சர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் டீச்சர் முதல் கோட்டைப் போட்டார். ஒன்றரை மணிக்கு இரண்டாவது கோட்டையும் போட்டார். இரண்டு மணிக்குச் சூளையில் வேலை செய்யும் தானியேல் பைக்கில் வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சர், அம்முலு கைய மெஷினு இயுத்துக்கிச்சி. பதினொரு மணிக்கே. வலது கை."

சூளை முதலாளி ராஜாராமின் கார் அவளை முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனது. அங்கே கட்டுப் போட்டு வைத்திருந்து, மாலை ஆறு மணிக்குத்தான் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். சேர்க்கும்போது முதலாளியின் ஆள், வீட்டுக்குப் பக்கத்தில் மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷினில் பள்ளி விட்டு வந்த பிறகு நடந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

ராஜாராம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும்கூட. தொழிலாளர் துறை ஆய்வாளர் விசாரிக்க வந்தபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு என் சூளைப் பக்கமே வந்ததில்லம்மா. அன்னிக்கு முழு நாளும் ஸ்கூல்ல கீது. நோட்ட வாங்கிப் பாருங்க" என்றார். நோட்டில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இரண்டு கோடுகள் இருந்தன.

சூளை ஆட்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சீசனுக்கும் அங்கேதான் அவர்கள் போக வேண்டும். டீச்சர் உண்மையை எழுதிக் கொடுத்தால் மட்டுமே அம்முலு நஷ்ட ஈடு கேட்க முடியும். எழுதினால் டீச்சருக்கு வேலை போகும். அதைவிடப் பெரிய கஷ்டம், பொய்க் கோடுகளை எடுத்துவிட்டால் அம்முலுவின் வருகை எழுபத்தைந்துக்குக் கீழே போய்விடும். எந்தப் பரீட்சைக்காகக் கோடு போட்டாரோ அந்தப் பரீட்சையே போய்விடும்.

"உங்க மேல பதினேழு பி சார்ஜ் போடுவாங்க, வேலையே போயிடும் மேடம்" என்றார் தலைமையாசிரியர். "கைய திருப்பிக் குடுக்க முடியுமா உங்களால? பொண்ணு பரீட்சையாவது எழுதட்டும். பதிலுக்கு எழுத ஆள் நான் ஏற்பாடு பண்றேன். பேசாம இருங்க."

டீச்சர் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தார். சனிக்கிழமை செங்கல்பட்டுக்குப் போனார். நாங்களும் நான்கு பேர் போயிருந்தோம். கட்டிலில் அம்முலு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டீச்சர் எதையும் மறைக்காமல் இரண்டு வழியையும் சொன்னார்.

"கையே பூட்ச்சி, பரீட்சை இன்னாத்துக்கு டீச்சரம்மா? நீங்க எழுதுங்க" என்றார் சுதா.

அம்முலு திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்க ஆப்சென்ட் போட்டிருந்தா ஆபீஸ்லேர்ந்து வந்திருப்பாங்க இல்ல, டீச்சர்? போன வருசம் தினேஷு வூட்டுக்கு வந்தாங்களே. எங்க நைனாவ மெரட்டியிருப்பாங்க. நான் மெஷினாண்ட போயிருக்கமாட்டேன் இல்ல?"

 தன் அக்காவுக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாது என்று மட்டும்தான் டீச்சர் நினைத்திருந்தார். அம்முலு எங்கே இருக்கிறாள் என்று அரசாங்கத்துக்குத் தெரிய இருந்த ஒரே வழியைத் தன் பேனாவே அடைத்துவிட்டது என்பது அந்தக் கட்டில் ஓரத்தில்தான் தனக்கு உறைத்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். வெளியே வந்து மருத்துவமனைக் குழாயில் முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமையை மட்டும் எழுதியிருந்தால் போதும், அன்றைக்குக் கைதவறிப் போட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம் என்று தலைமையாசிரியர்கூடச் சொன்னார். டீச்சர் தான் பொய்யாக வருகை போட்ட நாள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதினார். முப்பத்தொரு நாள். அந்த வாரமே தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. அம்முலுவுக்கு ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டது. நாங்கள் பரீட்சை எழுதினோம். எங்கள் பள்ளிக்கு அந்த வருடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் பேனர் கட்டினார்கள்.

நஷ்ட ஈட்டு விசாரணை காஞ்சிபுரத்தில் மே மாதம் நடந்தது. அம்முலு பக்கம் சாட்சி சொல்லச் சூளையிலிருந்து ஒருவரும் வரவில்லை. தானியேல் கேட் வரைக்கும் வந்தார், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. முதலாளியின் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி.

"முப்பத்தொரு நாள் பொய் எழுதினீங்கன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இப்ப எழுதினது மட்டும் உண்மைன்னு எப்படிம்மா நம்பறது?"

டீச்சர் பதில் சொன்னார். "பொய்தான் எழுதினேன், சார். அதனாலதான் இவ சூளையில இருந்தது யாருக்கும் தெரியாமப் போச்சி. அதுக்கு எந்தத் தண்டன குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஆனா அன்னிக்கு இவ என் வகுப்புல இல்ல."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை. அடுத்த தேதி பிறகு தெரிவிக்கப்படும் என்றார். அம்முலு சொன்னதையும் தட்டச்சு செய்து, காகிதத்தை அவள் முன்னால் வைத்தார்கள். குமாஸ்தா மை டப்பாவைத் திறந்தார்.

"அவளுக்கு எழுதத் தெரியும், சார்" என்றார் டீச்சர். "இடது கையில கொஞ்சம் பழகிக்கினு இருக்கா. ரெண்டு நிமிஷம் குடுங்க."

"வெளிய பன்னெண்டு கேஸ் நிக்குதும்மா" என்றார் குமாஸ்தா.

அம்முலு இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தினாள். காகிதத்தில் வைத்தாள். பிறகு விரலைத் துடைக்கத் துணி எங்கே என்று அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் தன் கைக்குட்டையை நீட்டினார். அம்முலு அதை வாங்கவில்லை, பாவாடையிலேயே துடைத்துக்கொண்டாள்.